சிங்கப்பூர் வீழ்ச்சியும் தண்ணீரும்

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இந்நிகழ்ச்சியைப் பள்ளிகளில் கற்பிக்கும்போது கடலை நோக்கி நின்ற பீரங்கிகளின் கதையே பெரும்பாலும் முதலில் சொல்லப்படுகிறது. எதிரி கடல்வழி வருவான் என்று காத்திருந்தனர், அவன் நிலவழி வந்தான், பீரங்கிகள் பயனற்றுப் போயின என்பது அக்கதை. உண்மையில் அப்பீரங்கிகளிற் பல நிலப்பக்கமாகவும் திரும்பக் கூடியவை. அவற்றுக்கென வைத்திருந்த குண்டுகளில் மிகுதியானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானவையாக இருந்தன என்பதே குறை.

அன்று காலை கேனிங் கோட்டையின் நிலவறையில் கூடிய தளபதிகள், போரைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யவேண்டியிருந்தது. அவர்கள் எடைபோட்டுப் பார்த்தவற்றுள் தலையாய ஒன்று தண்ணீர். ஆறு மாத முற்றுகைக்கு ஆயத்தம் செய்த ஒரு கோட்டை, எதிரி தீவில் கால்வைத்த ஒரு வாரத்துக்குள் தண்ணீரைப் பற்றிக் கவலை கொள்ள நேர்ந்தது எப்படி? சேமிப்பு இல்லாமையாலா? அன்று. நீர்த்தேக்கங்களில் நீர் இருந்தது. பண்டகசாலைகளில் அரிசி இருந்தது. எனினும் பசிக்கும் தாகத்துக்கும் அவை எட்டாமற் போயின. அதன் வரலாற்றைச் சற்று முன்னிருந்தே காண்பது தெளிவு தரும்.

தண்ணீர் வண்டியின் காலம்

சிங்கப்பூரில் சீனர் மிகுந்து வாழ்ந்த பேட்டைக்குக் கிரேத்தா ஆயர் என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது அம்மலாய்ச் சொற்களின் பொருள். கிணற்று நீரை மாட்டுவண்டிகளில் ஏற்றி விற்ற காலத்தின் நினைவாக அப்பெயர் நிலைத்துவிட்டது. ஊர் பெருகப் பெருகக் கிணறுகள் போதாவாயின. 1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்னும் சீன வணிகர், நகரத்துக்கு நல்ல தண்ணீர் கிடைக்க 13,000 வெள்ளி நன்கொடையளித்தார். பணிகளோ ஆமை நடை போட்டன. கொடையாளர் 1864இல் காலமானார். அவர் காண விரும்பிய நீர்த்தேக்கம் 1868இல்தான் கட்டி முடிந்தது. இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கம் என வழங்குவது அதுவே.

தேக்கம் நிறைந்தது; நகரத்துக்கு நீர் வந்ததா? வரவில்லை. நீரேற்றும் இயந்திரங்களும் குழாய்களும் முற்றுப்பெற 1878ஆம் ஆண்டாயிற்று. ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் நீர் ஓரிடத்தில் தேங்கிக் கிடக்க, மக்கள் வேறோரிடத்தில் கிணற்றையும் வண்டியையும் நம்பி வாழ்ந்தனர். நீரைச் சேர்த்து வைப்பது ஒரு பணி, சேர்த்த நீரை மக்கள் வாய்க்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பணி என்னும் பாடத்தைச் சிங்கப்பூர் முதன்முதலில் கற்றது அப்போதுதான். அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே பாடத்தை அது மறுபடியும் கற்க நேர்ந்தது.

ஜொகூர் நீர்

குழாய் நீர் வந்தபின் நகரத்தின் சுகாதாரம் உயர்ந்தது. அழுக்கடைந்த கிணறுகள் நோய்க்கு இடமாதலின் அவற்றை மூடுமாறு நகரசபை வற்புறுத்தி வந்தது. வாந்திபேதியும் நச்சுக்காய்ச்சலும் பரவிய அந்நாளில் அது சரியான செயலே. ஆயினும் ஒவ்வொரு கிணறு மூடப்பட்டபோதும், குழாய் நின்றால் திரும்பிச் செல்வதற்குரிய வழி ஒன்றும் கூடவே மூடப்பட்டது.

1910இல் காலாங் ஆற்றின் மேற்பகுதியில் இரண்டாவது நீர்த்தேக்கம் எழுந்தது. பின்னாளில் அது பியர்ஸ் என்று பெயர் பெற்றது. அதன்பின் சிலேத்தாரிலும் நீர் தேக்கப்பட்டது. அவையும் போதாமையால் 1927ஆம் ஆண்டில் ஜொகூர் சுல்தானுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. அதன்படி குனோங் பூலாய் மலைப்பகுதியின் நீர் 1932இல் சிங்கப்பூர் வந்தடைந்தது. அது வந்த வழி, 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம். சாலை, இருப்புப்பாதை, தண்ணீர்க் குழாய் ஆகிய மூன்றும் ஒரே பாலத்தின்மேல் சென்றன. அமைதிக் காலத்தில் இது சிக்கனமான ஏற்பாடு. போர் மூண்டால் ஒரே வெடியில் மூன்றும் அறுபடும் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது.

180 நாள் கணக்கு

செம்பாவாங் கடற்படைத் தளம் 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. போர் வந்தால் பிரிட்டனிலிருந்து பெருங்கடற்படை வந்து சேரும்வரை சிங்கப்பூர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே அன்றைய திட்டத்தின் அடிப்படை. எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது? முதலில் 70 நாள் என்றிருந்த கணக்கு 1939 ஜூலையில் 90 நாளாயிற்று. ஐரோப்பாவில் போர் மூண்ட செப்டம்பரில் அது 180 நாளாக உயர்ந்தது. படைக்கான உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் அக்கணக்கையொட்டிக் குவிக்கப்பட்டன. குடிமக்களுக்கான அரிசிச் சேமிப்பையும் அரசாங்கம் பெருக்கியது.

அரிசியைப் பற்றிக் கவலைப்படக் காரணம் இருந்தது. மலாயாவின் நிலத்தை ரப்பரும் ஈயமும் ஆண்டன. நாட்டுக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நாட்டில் விளைந்தது. எஞ்சியது பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. 1941 ஜூலையில் தென் இந்தோசீனா ஜப்பானியப் படையின் பிடிக்குள் சென்றது. அவ்வாண்டு டிசம்பர் 8இல் ஜப்பானியர் சயாமில் நுழைந்தனர். 1942 மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. எட்டு மாதத்துக்குள் மலாயாவின் மூன்று நெற்களஞ்சியங்களும் அடைபட்டன. ஆகவே, குவித்து வைத்தது தவறன்று. குவித்ததை எங்கே வைத்தனர், எவ்வாறு காத்தனர் என்பதிலேதான் குறை நேர்ந்தது.

கடைசி நேர ஆயத்தம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். பத்து நாளில் பினாங்கு கைவிடப்பட்டது. அங்கே துறைமுகப் படகுகளும் வானொலி நிலையமும் அழிக்கப்படாமலே விடப்பட்டன. ஜப்பானியர் அவற்றைத் தமக்குப் பயன்படுத்திக்கொண்டனர். பின்வாங்கும் படை தன் சேமிப்பைத் தூக்கிச் செல்ல இயலாமலும் முற்றும் அழிக்க இயலாமலும் விட்டுச் செல்வது அதன்பின் ஊர்தோறும் நிகழ்ந்தது. ஜப்பானியப் போர்வீரர்கள் தம்முடன் மிகச் சிறிய அளவு உணவே கொண்டுவந்தவர்கள். வழியெல்லாம் கைப்பற்றிய அரிசியையும் தகர உணவையும் எண்ணெயையும் சர்ச்சில் தந்த சாமான்கள் என்று கேலி பேசி உண்டு முன்னேறினர். ஒருவர் சேர்த்தது மற்றவருக்கு வழிச்சோறாயிற்று.

சிங்கப்பூரில் தலைமைப் பொறியியலாளராக இருந்த ஐவன் சிம்சன், தீவின் வடகரையில் தற்காப்பு வேலைகளை உடனே தொடங்கவேண்டும் என்று டிசம்பர் இறுதியில் படைத்தலைவர் பெர்சிவலிடம் வலியுறுத்தினார். அத்தகைய வேலைகள் படையினர், மக்கள் ஆகியோரின் மனவுறுதியைக் குலைக்கும் என்று மறுமொழி வந்ததாக அவர் பின்னர் எழுதியிருக்கிறார். அந்நாட்களிலேயே அவர் குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் தலைமை இயக்குநராகவும் அமர்த்தப்பட்டார். வடக்கிலிருந்து அகதிகள் நாள்தோறும் வந்து குவிந்தனர். தீவின் மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டியது. உண்பாரும் குடிப்பாரும் பெருகினர், குழாய்கள் பெருகவில்லை.

1942 ஜனவரி 31ஆம் நாள் கடைசிப் படைகள் கடற்பாலத்தைக் கடந்தபின் பாலம் வெடிவைத்துப் பிளக்கப்பட்டது. அதனோடு ஜொகூர் நீரும் நின்றது. அதன்பின் தீவின் நடுவிலுள்ள நீர்த்தேக்கங்களே கதி. சிக்கனமாகப் பயன்படுத்தினால் அவை போதும் என்பது கணக்கு. தேக்கத்தின் நீரளவை நோக்க அக்கணக்கில் பிழையில்லை.

உடைந்த குழாய்கள்

பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் தீவின் வடமேற்குக் கரையில் இறங்கினர். 11ஆம் நாள் விடியுமுன் புக்கித் தீமா கிராமம் அவர்கள் வசமாயிற்று. படையின் பெரிய உணவுக் கிடங்குகளும் எண்ணெய்க் கிடங்குகளும் அப்பகுதியிலேயே இருந்தன. அவற்றை இழந்தபின், 180 நாளுக்கென்று திட்டமிட்ட படையின் கையில் ஏறக்குறைய ஏழு நாள் உணவே எஞ்சியது. வாகனங்களின் தொட்டியில் இருந்ததைத் தவிர எண்ணெயும் மிகச் சிறிதே.

13ஆம் நாள் பிரிட்டிஷ் படை நகரத்தைச் சுற்றி வளையமாகச் சுருங்கியது. நீர்த்தேக்கங்கள் எதிரியின் கைக்கு மாறின. ஆயினும் நீர் நிற்கவில்லை. உட்லே நீரேற்று நிலையம் போர்முனைக்கு மிக அருகே இருந்தும் தொடர்ந்து இயங்கியது. அப்படியிருக்க நகரத்தில் தண்ணீர் வற்றியது ஏன்? வானிலிருந்து விழுந்த குண்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் தெருக்களுக்கடியிலிருந்த குழாய்களைப் பல இடங்களில் உடைத்துவிட்டன. 14ஆம் நாள் காலை நகரசபையின் தண்ணீர்ப் பொறியியலாளர் பெர்சிவலிடம் உண்மை நிலையை எடுத்துரைத்தார். ஏற்றப்படும் நீரில் பாதிக்கு மேல் உடைந்த குழாய்களின் வழியே வீணாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் 48 மணி நேரம் வரலாம், 24 மணி நேரத்திலேயே நின்றும் போகலாம் என்று கணக்கிடப்பட்டது.

குழாய்களைச் செப்பனிட ஆள் வேண்டும். நகரசபையின் உடலுழைப்பாளரில் தமிழர் பெருந்தொகையினர். தெருவைத் தோண்டுவதும் குழாய் பதிப்பதும் சாக்கடை காப்பதும் ஆண்டாண்டு காலமாக அவர்தம் உழைப்பால் நடந்தவை. குண்டுமழையில் தொழிலாளர் சிதறிப் போயினர். குடும்பத்தைக் காக்க ஓடியவரைக் குறை கூறுவதற்கில்லை. படையின் பொறியியற் பிரிவினர் உதவிக்கு அனுப்பப்பட்டும், ஓரிடத்தில் அடைப்பதற்குள் வேறோரிடத்தில் உடைந்தது. அரிசி மூட்டைகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் நாட்கணக்கிட்டு எண்ணிய திட்டத்தில், உடைந்த குழாயை ஒட்டப்போகும் மனிதனுக்குப் பதுங்க ஓர் இடமும் அவன் குடும்பத்துக்கு ஒரு காவலும் போதிய அளவு எண்ணப்படவில்லை.

வீடுகளில் மக்கள் வாளியிலும் தகரத்திலும் குளியல் தொட்டியிலும் பிடித்து வைத்த நீரே கடைசித் துணையாயிற்று. காயமுற்றோர் நிறைந்து வழிந்த மருத்துவமனைகளிலும் தண்ணீர் அரிதாயிற்று.

15ஆம் நாள் கூட்டத்தில் பெர்சிவல் இரு வழிகளைத் தளபதிகள்முன் வைத்தார். எதிர்த்துத் தாக்கி நீர்த்தேக்கங்களையும் புக்கித் தீமா உணவுக் கிடங்குகளையும் மீட்பது ஒன்று, சரணடைவது மற்றொன்று. முதலாவது இயலாது என்று தளபதிகள் கூறினர். அன்று மாலை புக்கித் தீமாவிலுள்ள ஃபோர்டு கார்த் தொழிற்சாலையில் யமாஷிட்டாவின்முன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது யமாஷிட்டாவின் படைக்கும் வெடிமருந்து குறைந்தே இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது.

அதன் பின்விளைவு

தண்ணீர்க் குழாய்கள் சில வாரங்களில் செப்பனிடப்பட்டன. அரிசிப் பஞ்சமோ மூன்றரை ஆண்டு நீடித்தது. குவித்து வைத்த அரிசி புதிய ஆட்சியாளர் வசமாயிற்று. வெளிநாட்டு அரிசிக்குக் கப்பல் இல்லை. சிங்கப்பூரில் தலைக்கு மாதம் 20 கட்டி என்று தொடங்கிய பங்கீடு, 1944இல் ஆணுக்கு 8, பெண்ணுக்கு 6, குழந்தைக்கு 4 கட்டி என்று சுருங்கியது. ஒரு கட்டி 600 கிராமுக்குச் சற்றே மிகுதி. மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது.

தோட்டப்புறங்களில் துன்பம் இன்னும் கொடியது. ரப்பருக்கு விலை போக வழியில்லை, கூலி இல்லை, தோட்டத்துக் கடையில் அரிசி இல்லை. லயத்து வீட்டில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட தானியம் சேர்த்து வைக்கும் வசதி தொழிலாளிக்கு என்றுமே இருந்ததில்லை. வேலையும் சோறும் இழந்து நின்ற தோட்டங்களிலிருந்துதான் பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெருந்தொகையினர் திரும்பவில்லை. நாட்டின் பெயரால் சேர்த்த அரிசி நாட்டு மக்களின் அடுப்படிக்கு எட்டாதபோது என்ன நேரும் என்பதற்கு அவர்களே சாட்சி.

கற்க வேண்டியது

போருக்குப் பின் சிங்கப்பூரும் மலேசியாவும் இப்படிப்பினையைப் புறக்கணித்துவிடவில்லை. சிங்கப்பூரில் அரிசி இறக்குமதி செய்வோர் குறிப்பிட்ட அளவை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் நீர் 2061வரை சிங்கப்பூருக்கு வரும். அதனோடு மழைநீர், சுத்திகரித்து மீட்ட நீர், கடல்நீரிலிருந்து எடுத்த நன்னீர் என்று பல வழிகள் அங்கே ஏற்படுத்தப்பட்டுள்ளன. குழாய் ஒன்று நின்றாலும் மற்றொன்று இருக்கட்டும் என்னும் எண்ணம் அதில் தெரிகிறது.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. அணை போடுவதோடு வாய்க்காலையும் காக்கவேண்டும் என்பது 1942 சேர்க்கும் விளக்கம். ஆபத்து வாசலுக்கு வந்தபின் அரிசி மூட்டையைக் கூட்டலாம்; தொட்டியை நிரப்பலாம். மாற்றுக் குழாயும், தூர்க்காத கிணறும், பல இடங்களில் பகிர்ந்து வைத்த கிடங்கும், குழாயைச் செப்பனிடத் தெரிந்த தொழிலாளியும் கடைசி வாரத்தில் கிடைப்பதில்லை. அவை அமைதிக் காலத்தின் பொறுமையான உழைப்பால் வருபவை.

பீரங்கிகளின் கதையைக் கேட்கும் மாணவன், ஆள்வோர் திசையைத் தவறாகக் கணித்தனர் என்று மட்டுமே அறிவான். உட்லே நிலையம் கடைசிவரை நீரேற்றிக்கொண்டிருந்ததையும், அந்நீரில் பாதிக்கு மேல் தெருவில் ஓடி வீணானதையும் அவனுக்குச் சேர்த்துச் சொல்லலாம். நிறைந்த தேக்கத்துக்கும் வறண்ட வீட்டுக்கும் இடையே இருப்பவை சில மைல் குழாயும் அதைக் காக்கும் சில கைகளுமே என்பது அப்போது அவனுக்கு விளங்கும்.