மாட்டின் மூளையிலிருந்து ஃபெரெட்டின் வாலுக்கு

அமெரிக்காவில் ஃபெரெட் என்ற செல்லப்பிராணி வளர்க்கிற வீட்டில் மெலடோனின் புட்டியைப் பார்த்தால், வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை போலும் என்று நினைத்துவிட வேண்டாம். வால் முடி கொட்டிப்போன பிராணிக்காக வாங்கியதாகவும் இருக்கலாம். மனிதர் தூங்குவதற்கென்று விற்கிற மாத்திரை ஃபெரெட்டிடம் வந்து சேர்ந்த வழி, தலைப்பிரட்டையில் தொடங்குகிறது.

1917-ல் மெக்கார்டு, ஆலன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், மாட்டு மூளையின் நடுவிலிருக்கும் பினியல் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கறுத்த தோல் அரை மணிக்குள் வெளிறிவிட்டது. அதோடு அந்த விஷயம் பல வருடம் கிடப்பில் கிடந்தது. யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் அதைத் தூசி தட்டி எடுத்தார். அவருக்கு வேண்டியிருந்தது வெண்புள்ளிக்கு மருந்து. இறைச்சிக்கூடங்களிலிருந்து மாட்டுச் சுரப்பிகளை மலைபோல் வரவழைத்து அரைத்து வடிகட்டி, 1958-ல் துளியூண்டு பொருளைப் பிரித்தெடுத்து மெலடோனின் என்று பெயர் வைத்தார். வெண்புள்ளிக்கு அது உதவவில்லை. செலுத்திப் பார்த்தபோது தூக்கம் கண்ணைச் சொருகியதுதான் மிச்சம்.

மெலடோனின் இருட்டில் சுரப்பது. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். பிராணியின் உடம்புக்கு அதுதான் பஞ்சாங்கம். இதை முதலில் காசாக்கியவர்கள் ரோமப் பண்ணைக்காரர்கள். மிங்க் என்ற பிராணிக்குக் குளிர்கால ரோமம் அடர்ந்தால்தான் தோலுக்கு விலை. கோடையிலேயே அதன் தோலுக்கடியில் அரிசிமணி போன்ற மெலடோனின் குச்சியைச் செருகினால், உடம்பு குளிர்காலம் வந்துவிட்டதென்று ஏமாந்து சில வாரம் முன்னதாகவே ரோமம் போர்த்திக்கொள்ளும். பண்ணைக்காரருக்கு அத்தனை வாரத் தீனி மிச்சம். மிங்குக்கு அத்தனை வார ஆயுசு நஷ்டம்.

ஃபெரெட்டும் மிங்கின் பங்காளிதான். பார்க்கக் கீரி மாதிரி இருந்தாலும், நம் காவிரியில் நீந்துகிற நீர்நாய்தான் அதற்கு நெருங்கிய உறவு. மிங்குக்கு 2.7 மில்லிகிராமில் வந்த குச்சி, ஃபெரெட்டுக்கு 5.4 மில்லிகிராமில் வந்தது.

ஃபெரெட்டின் வால் முடியைக் கொட்டவைக்கும் அட்ரினல் நோய் வர மனிதன்தான் பெரும் காரணம். அதற்காக அவனைத் திட்டவும் முடியாது. பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்து, ஆணோடு சேராமல் அப்படியே நீடித்தால், ஈஸ்ட்ரோஜன் ஏறி எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தம் வற்றிச் செத்துப்போகலாம். ஆகவே கருத்தடை அறுவை. அமெரிக்காவில் பிறந்து ஆறேழு வாரத்திலேயே செய்துவிடுகிறார்கள். ஆனால் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு இது தெரியாது. போதும் என்று பதில் சொல்ல இனப்பெருக்க உறுப்பு இல்லாததால் அது அந்த உறுப்பைத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிறுநீரகத்துக்கு அருகிலுள்ள அட்ரினல் சுரப்பி அந்தக் கட்டளையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு வீங்கி, பால் ஹார்மோன்களைக் கொட்ட ஆரம்பிக்கும். சில சமயம் கட்டியாகும், புற்றாகும். அறுவைக்கும் நோய் தெரிவதற்கும் நடுவே சராசரியாக மூன்றரை வருடம் என்று நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2000-ல் கணக்குச் சொன்னார்கள். போதாததற்கு ராத்திரி பத்து மணி வரை எரியும் வீட்டு விளக்கு. அதன் கீழே பினியல் சுரப்பிக்கு எந்நாளும் கோடைதான்; மெலடோனின் குறைவாகச் சுரக்க, பிட்யூட்டரி அடங்காது.

முதலில் வாலில் முடி கொட்டும். பிறகு இடுப்பு, முதுகு என்று வழுக்கை ஏறும். பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வீங்கும். ஆணுக்குப் புராஸ்டேட் பருத்துச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் மாத்திரையை நோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவரிடம் ஓடவேண்டியதுதான்.

அமெரிக்காவில் ஊட்டச்சத்துச் சரக்குகள் பற்றிய 1994 சட்டத்துக்குப் பிறகு மெலடோனின் மருத்துவர் சீட்டில்லாமல் ஊட்டச்சத்துச் சரக்காகக் கடைக்கு வந்துவிட்டது. அந்தக் கடை வரிசையில் நிற்கும் பொருட்களில் ஃபெரெட் நோய்க்கு ஏதோ ஆதாரத்தோடு நிற்பது இது ஒன்றுதான் என்பேன். அட்ரினலுக்குப் பலம் என்று விற்கும் மூலிகைச் சொட்டுகளை நான் நம்புவதில்லை. மெலடோனினிலும் லேபிளை நம்ப முடியாது. கனடாவில் வாங்கிய 31 சரக்குகளைச் சோதித்து 2017-ல் வெளியான ஆய்வில், ஒன்றில் எழுதியதில் கால்பங்குகூட இல்லை, இன்னொன்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

நேரம் முக்கியம். சூரியன் உதித்து ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் கழித்து, அதாவது மாலை இருட்டு சீக்கிரமே வந்துவிட்டது என்று உடம்பு நம்புகிற மாதிரி, அரை மில்லிகிராம். இந்த அளவை நோயுள்ள பத்து ஃபெரெட்டுகளுக்கு ஒரு வருடம் தினமும் கொடுத்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். முடி முளைத்தது. வீக்கம் வடிந்தது. வளர்த்தவர்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! எட்டாம் மாதம் ஆறு ஃபெரெட்டுகளுக்கு அறிகுறி திரும்பிவிட்டது. பன்னிரண்டாம் மாதம் அளந்தபோது நோயுற்ற சுரப்பி முன்னைவிடப் பருத்திருந்தது.

பிட்யூட்டரியின் வாயையே அடைக்கிற டெஸ்லோரெலின் குச்சி 2012-ல் அமெரிக்காவில் ஃபெரெட்டின் இந்த நோய்க்கென்றே சட்டப்படி விற்கும் பட்டியலில் சேர்ந்தது. அதையும் மெலடோனினையும் சேர்த்துத் தருகிற மருத்துவர்கள் உண்டு. நீங்கள் ஃபெரெட் வளர்ப்பவரானால், வாலில் முடி திரும்பிய பிறகும் வயிற்று ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.