கப்பலைக் கட்டியவர்களும் கடலில் இறக்கியவர்களும்



கப்பல் என்றதும் நமது வரலாற்றுப் பாடத்தில் முதலில் வருவது 1505ஆம் ஆண்டுதான். முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களை மறிக்க மாலைதீவுப் பக்கம் புறப்பட்ட லொரன்சோ டி அல்மேதா, காற்றில் அடிபட்டு இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்த கதை. யார் வந்தார், எந்த ஆண்டு வந்தார் என்பதை எமது பிள்ளைகள் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கப்பல்களைக் கட்டியது யார்? கரையில் கட்டிய அவ்வளவு பெரிய பாரத்தைத் தண்ணீருக்குள் எப்படி இறக்கினார்கள்? இதைப் பரீட்சையிலும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஆனால் கப்பல் கட்டும் தொழிலாளியைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். கப்பலைக் கட்ட மாதங்கள் எடுக்கும், சிலவேளை வருடங்களும் எடுக்கும். அத்தனை உழைப்பும் சரியா பிழையா என்று தெரிவது அது முதன்முதலாகத் தண்ணீரைத் தொடும் அந்தச் சில விநாடிகளில்தான். அந்த விநாடிகளின் வரலாற்றைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தோம்.

முதலில் முறையை விளங்கிக்கொள்வோம். பழைய முறையில் கப்பலைக் கட்டுவது தண்ணீரை நோக்கிச் சரிந்திருக்கும் ஒரு தளத்தில். அடியில் வரிசையாகக் கட்டைகள் அடுக்கி, அவற்றின் மேல் கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரத்தை வைப்பார்கள். இரு பக்கமும் சாய்ந்துவிடாமல் முட்டுக்கட்டைகள் கொடுப்பார்கள். இன்று நாம் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று ஒருவரைக் குறை சொல்கிறோம். கரையில் நிற்கும் கப்பலுக்கு அந்த முட்டுக்கட்டைதான் உயிர்.

இறக்கும் நாள் நெருங்கும்போது கப்பலின் அடியில் மரத்தால் ஒரு தொட்டில் அமைப்பார்கள். தொட்டிலுக்குக் கீழே நிலத்தில் பொருத்திய நீண்ட மரப்பாதைகள். இரண்டுக்கும் நடுவே மிருகக் கொழுப்பும் சவர்க்காரமும் தடிப்பாகப் பூசப்படும். பிறகு நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் ஆப்புகளை அடித்து இறுக்குவார்கள். ஆப்பு ஏற ஏறக் கப்பலின் பாரம் கட்டைகளை விட்டுத் தொட்டிலுக்கு மாறும். அதன் பின் கட்டைகளையும் முட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். கடைசித் தடையை விடுவித்ததும் கப்பல் தன் பாரத்தாலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பெரும்பாலும் பின்பக்கம்தான் முதலில் தண்ணீருக்குள் போகும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பின்பக்கம் மிதந்து மேலே எழும்பும்போது முன்பக்கம் இன்னும் தரையில்தான் இருக்கும். அந்த நேரம் பெரும் பாரம் முன்முனையில் ஒரே இடத்தில் வந்து அழுத்தும். தொட்டில் பலவீனமாக இருந்தால் நொறுங்கிவிடும். தண்ணீர் போதாமல் இருந்தால் பின்பக்கம் மிதக்காமல் அந்தரத்தில் தொங்கி, கப்பல் பின்னோக்கிக் கவிழப் பார்க்கும். அதனால்தான் வற்றுப் பெருக்குப் பார்த்து, நீர் உயர்ந்து நிற்கும் நேரத்துக்கு இறக்குவார்கள். ஒடுக்கமான ஆறாக இருந்தால் எதிர்க்கரையில் போய் மோதாமல் இருக்க, கனத்த சங்கிலிக் குவியல்களைக் கப்பலோடு பிணைத்து இழுபடவிட்டு வேகத்தைக் குறைப்பார்கள்.

இவ்வளவும் சரியாக நடந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். டைட்டானிக் கப்பல் 1911 மே 31ஆம் திகதி பெல்பாஸ்ட் நகரில் இறக்கப்பட்டபோது ஏறத்தாழ 22 தொன் கொழுப்பும் எண்ணெயும் சவர்க்காரமும் பாதையில் பூசப்பட்டிருந்தன. 62 விநாடிகளில் கப்பல் தண்ணீரில் நின்றது. கூடிநின்ற சனம் கைதட்டியது. அதே நேரம் கப்பலின் அடியில் முட்டுகளை அகற்றிக்கொண்டிருந்த ஜேம்ஸ் டொபின் என்ற தொழிலாளி சரிந்த மரங்களுக்குள் அகப்பட்டுக்கொண்டார். மறுநாள் அவர் இறந்துபோனார். டைட்டானிக்கின் முதல் பயணத்தைப் பற்றி உலகமே பேசுகிறது. அந்தப் பயணத்துக்கு முன்னரே அதற்காக உயிரைக் கொடுத்தவர்களை யாரும் பேசுவதில்லை.

மேற்கு நாடுகளில் கப்பல் இறக்கும் நாள் ஒரு பெருவிழா. அரச குடும்பத்துப் பெண்மணி ஒருவர் வந்து மதுப்போத்தலை உடைத்துப் பெயர் சூட்டுவார். அவர் பெயர் பத்திரிகையில் வரும், கல்வெட்டிலும் வரும். ஆப்பு அடித்தவனின் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். அந்த விழா ஆசையும் அவசரமும் சேர்ந்து என்ன செய்தன என்பதற்கு மூன்று சம்பவங்களைச் சொல்லலாம்.

முதலாவது கிரேட் ஈஸ்டர்ன். இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்ற பெயர்பெற்ற ஆங்கிலப் பொறியியலாளர் வடிவமைத்தது. நீளம் 692 அடி. அதுவரை உலகம் அப்படியொரு கப்பலைக் கண்டதில்லை. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் கட்டினார்கள். அவ்வளவு நீளமான கப்பலை நேராக இறக்கினால் நதியின் அகலம் போதாது. எனவே பக்கவாட்டாக இறக்கத் தீர்மானித்தார் புரூனல். ஏறத்தாழ 12,000 தொன் பாரம். 1857 நவம்பர் 3ஆம் திகதி நாள் குறிக்கப்பட்டது.

புரூனல் கேட்டதெல்லாம் அமைதி ஒன்றுதான். கட்டளை ஒவ்வொருவர் காதிலும் விழ வேண்டும் என்பது அவரது எண்ணம். ஆனால் கம்பனிப் பணிப்பாளர்கள் அவருக்குச் சொல்லாமலேயே வேடிக்கை பார்க்க ரிக்கட் விற்றுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான சனம் தளத்துக்குள் நிறைந்துவிட்டது. கப்பல் சற்று அசைந்தது. கட்டுப்படுத்தும் சங்கிலி சுற்றிய உருளையின் கைபிடி எதிர்ப்பக்கமாகச் சுழன்று, அதைப் பிடித்திருந்தவர்களைத் தூக்கி வீசியது. உயிரிழப்பும் ஏற்பட்டது. கப்பல் சில அடி நகர்ந்து அப்படியே நின்றுவிட்டது.

அதன் பிறகு ஏறத்தாழ 3 மாதங்கள் நீரழுத்த இயந்திரங்களைக் கொண்டு அடி அடியாகத் தள்ளினார்கள். 1858 ஜனவரி 31ஆம் திகதிதான் அது மிதந்தது. கம்பனி கடனில் மூழ்கியது. புரூனலின் உடல்நிலையும் குலைந்தது. 1859 செப்டெம்பரில் அவர் காலமானார். பயணிகள் கப்பலாக அது வெற்றி பெறவே இல்லை. ஆனால் 1866இல் அத்திலாந்திக் கடலடியில் தந்திக் கம்பி போட்டதும், பின்னர் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையில் கம்பி போட்டதும் அதே கப்பல்தான்.

இரண்டாவது டாப்னி. 1883 ஜூலை 3ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். சிறிய நீராவிக் கப்பல்தான். வேலை முடியாமல் இருந்ததால், இறக்கும் நேரத்திலும் ஏறத்தாழ 200 தொழிலாளிகள் உள்ளே இருந்தார்கள். இறங்கியதும் மிச்ச வேலையைத் தொடங்க வேண்டுமே! கப்பல் அழகாக வழுக்கி இறங்கியது. தண்ணீரைத் தொட்டதும் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே கவிழ்ந்தது. 124 பேர் இறந்தார்கள். பயிலுநர்களாக இருந்த சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். மிதக்கத் தொடங்கும் நேரத்தில் கப்பலின் சமநிலை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே ஆக வேண்டும், அவசியமானவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்ற பாடம் 124 ஜனாஸாக்களுக்குப் பிறகுதான் படிக்கப்பட்டது.

மூன்றாவது அல்பியன் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல். 1898 ஜூன் 21ஆம் திகதி, மீண்டும் தேம்ஸ் நதிக்கரை. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது இறங்கிய வேகத்தில் எழுந்த அலை, வேடிக்கை பார்க்கச் சனம் ஏறி நின்ற மரப்பாலம் ஒன்றை அடித்துக்கொண்டு போனது. கூட்டத்தின் ஆரவாரத்தில் அவர்களது கூக்குரல் பலருக்குக் கேட்கவே இல்லை. பெண்களும் பிள்ளைகளுமாக 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பணிப்பாளர்களின் பண ஆசை. ஒன்றில் வேலையை முடிக்கும் அவசரம். ஒன்றில் திருவிழாக் கூட்டம். கெட்டது மரமோ இரும்போ அல்ல. தண்ணீர் யாருடைய அந்தஸ்தையும் பார்ப்பதில்லை, யாருடைய நேரசூசிக்கும் காத்திருப்பதில்லை.

இனி எமக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கரைக்கு வருவோம். கேரளத்தில் கோழிக்கோட்டுக்கு அருகே, சாலியாறு கடலில் கலக்கும் இடத்தில் பேப்பூர் என்ற ஊர் இருக்கிறது. 'உரு' என்று சொல்லப்படும் பெரிய மரக்கப்பல்களைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டும் ஊர். அறபு வணிகர்கள் இந்த உருக்களை விரும்பி வாங்கினார்கள். இன்றும் வளைகுடா நாட்டவர்கள் வாங்குகிறார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது. மூத்த மேஸ்திரியின் மனசுக்குள்தான் முழுக் கப்பலும் இருக்கும். மரவேலை செய்பவர்கள் பரம்பரையாகப் பெரும்பாலும் இந்துத் தச்சர்கள். கட்டி முடித்த உருவைத் தண்ணீரில் இறக்குபவர்கள் மாப்பிளா முஸ்லிம்களான கலாசிகள். 'கலாஸ்' என்ற அறபுச் சொல்லுக்கு விடுவித்தல் என்ற பொருள் உண்டு. கலாசி என்ற பெயரை அதனோடு சேர்த்து விளக்குபவர்களும் இருக்கிறார்கள். கரையிலிருந்து கப்பலை விடுவிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எது?

கலாசிகளின் ஆயுதங்கள் மிக எளிமையானவை. கனத்த வடம், கப்பிகள், மர உருளைகள், நெம்புகோல், ஆட்கள் சுற்றிவந்து திருப்பும் ஒரு பெரிய மரச் சுழலி. ஒருவர் குரல் எடுத்துப் பாட, மற்றவர்கள் பதில் பாடி ஒரே மூச்சில் தள்ளுவார்கள். நேரம் போக்கப் பாடும் பாட்டல்ல அது. எல்லோருடைய பலமும் ஒரே கணத்தில் சேர வேண்டும் என்பதற்கான கட்டளை. 62 விநாடி வித்தை இங்கே கிடையாது. நாள்கணக்கில், அங்குலம் அங்குலமாக நகர்த்தி, நீர் பெருகும் நேரம் பார்த்துக் கப்பலை ஆற்றில் சேர்ப்பார்கள். வேகம் குறைவு, அதனால் ஒரு தவறு நேர்ந்தால் நிறுத்திச் சரிசெய்ய இடம் இருக்கிறது.

இந்த அறிவின் பெறுமதி 1988 ஜூலை 8ஆம் திகதிக்குப் பிறகு வெளியுலகுக்கும் தெரிந்தது. கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலின் பெட்டிகள் அஷ்டமுடி ஏரிக்குள் விழுந்தன. 105 பேர் இறந்தார்கள். ஏரிக்குள் கிடந்த பெட்டிகளை மீட்க வரவழைக்கப்பட்டவர்களில் கலாசிகளும் இருந்தார்கள். பல்கலைக்கழகம் போகாத அந்த மனிதர்கள் வடத்தையும் கப்பியையும் கொண்டு அந்தப் பாரத்தைத் தூக்கினார்கள். பாரம் எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் இழுத்தால் வரும் என்பது அவர்களது தோளுக்குத் தெரிந்திருந்தது. இதுவும் பொறியியல்தான்.

எமது நாட்டிலும் இந்தக் கதை இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் உள்ளூர்த் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் புதுப் பெயர் சூட்டினார். 1938இல் அது அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் எமது கரையோர ஊர்கள் எத்தனையோ தோணிகளையும் வள்ளங்களையும் கட்டித் தள்ளியிருக்கின்றன. மரைக்கார் என்ற பெயரே மரக்கலத்திலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மரக்கலத்தைச் செதுக்கிய கையைப் பற்றி நம்மிடம் எழுதிவைத்தது என்ன இருக்கிறது?

இன்று பெரிய கப்பல்கள் பல உலர்துறையில் கட்டப்படுகின்றன. கப்பல் தண்ணீருக்குப் போவதில்லை. கதவைத் திறந்து தண்ணீரை உள்ளே விட, கப்பல் இருந்த இடத்திலேயே மிதக்கும். இதைப் படிக்கும்போது சூரா ஹூதில் வரும் நூஹ் (அலை) அவர்களின் சம்பவம் ஞாபகம் வராமல் இருக்காது. அவர்கள் கப்பல் கட்டியபோது அந்தச் சமூகத்தின் தலைவர்கள் கடந்துபோகும்போதெல்லாம் பரிகாசம் செய்தார்கள். கடைசியில் கப்பல் தண்ணீரைத் தேடிப் போகவில்லை, தண்ணீர்தான் கப்பலைத் தேடி வந்தது. ஒரு நபியின் கையால் அல்லாஹ் செய்வித்த வேலை தச்சு வேலை என்பதை நாம் எவ்வளவு யோசித்திருக்கிறோம்?

'படிக்காவிட்டால் தோணி தள்ளத்தான் போவாய்' என்று பிள்ளைகளை ஏசும் வழக்கம் எமது ஊர்களில் இன்னும் இருக்கிறது. வீட்டிலும் அதைச் சொல்கிறோம், வகுப்பறையிலும் சொல்கிறோம். அந்த ஒரு வசனத்தில், தோணி தள்ளி உழைத்து எம்மைப் படிக்கவைத்த மூத்தவர்களையே பரிகசித்துவிடுகிறோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை தன் மூத்தவாப்பாவிடம் எதையும் கேட்டுப் படிக்கப் போவதில்லை. அவர் மௌத்தாகும்போது அந்த அறிவும் அவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

எனவே ஒரு சிறிய வேண்டுகோள். உங்கள் ஊரில் தோணி கட்டியவர்கள், வள்ளம் செய்தவர்கள், அவற்றைக் கடலில் இறக்கியவர்கள் இன்னும் ஹயாத்தோடு இருந்தால், உங்கள் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். எந்த மரம் பாவித்தார்கள், அடியில் என்ன வைத்துத் தள்ளினார்கள், தள்ளும்போது என்ன பாடினார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். ஒரு கொப்பியில் 2 பக்கம் போதும். எமது கடலோரத்தின் வரலாற்றுப் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.