தக்காக்கியா

தக்காக்கியா, இன்று உயிரோடிருக்கும் மாஸ்களில் மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்றைச் சேர்ந்த பேரினம். லெபிடோசியாய்டிஸ், செரட்டோபில்லா என்று இதில் இரண்டே சிற்றினங்கள். இமயமலை, திபெத், ஜப்பான், போர்னியோவின் கினபாலு மலை, வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை, அலூசியன் தீவுகள் ஆகிய இடங்களில் இவை பதிவாகியுள்ளன. பட்டியல் நீளம்தான்; ஆனால் எங்கும் செழித்துப் பரவியதாகச் சொல்ல முடியாது. குளிர்ந்த, ஈரமான பாறைகளை ஒட்டிச் சிறு திட்டுகளாகவே வளர்கின்றன.

செடியின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். வெறுங்கண்ணுக்குப் பாறையில் ஒட்டிய பச்சை நூல் துணுக்குகள் போலத் தெரியும். கைலென்ஸை வைத்துப் பார்த்தால்தான் விசித்திரம் புலப்படும். பெரும்பாலான மாஸ்களின் இலை தட்டையானது. இதன் இலையோ அடியிலிருந்தே இரண்டு முதல் நான்கு உருண்டையான இழைகளாகப் பிரிந்திருக்கிறது. மாஸ்களுக்கு வழக்கமான வேரிகள் (வேர் போன்ற இழைகள்) இதற்குக் கிடையாது. இலையற்ற வெளிறிய தண்டுகள் கீழே இறங்கிச் செடியைப் பிடித்து நிறுத்துகின்றன.

1840-களின் இறுதியில் சிக்கிம் மலைகளில் செடி சேகரித்த ஜோசப் டால்டன் ஹூக்கரின் மாதிரிகளில் இதுவும் இருந்தது. அதை ஆராய்ந்த வில்லியம் மிட்டன் தொழிலால் மருந்தாளுநர். மாஸ் ஆய்வில் அக்காலத்தின் பெரிய பெயர்களுள் ஒருவர். ஆல்ஃபிரட் ரசல் வாலஸின் மாமனாரும்கூட. 1861-இல் அவர் இதை லெபிடோசியா என்னும் ஈரல் செடிப் பேரினத்தில் சேர்த்தார். அதன்பின் நெடுங்காலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1951-இல் ஜப்பானின் வட ஆல்ப்ஸ் மலைகளில் நொரிவோ தக்காக்கி இதே வகைச் செடியொன்றைக் கண்டெடுத்தார். பாசியா, ஈரல் செடியா, மாஸா என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். நிச்சினானில் மாஸ், ஈரல் செடி முதலிய பிரையோஃபைட்டுகளுக்கென்றே ஆய்வகம் நடத்திய சின்சுகே ஹத்தோரியும் ஹிரோஷி இனோவேயும் 1958-இல் அதைப் புதிய பேரினமாக அறிவித்துக் கண்டுபிடித்தவரின் பெயரைச் சூட்டினர். மிட்டனின் சிக்கிம் செடியும் இதே பேரினம்தான் என்று 1963-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ரிக்லெஃப் குரோல காட்டினார். அப்போதும் அது ஈரல் செடியாகவே கருதப்பட்டது. பெண் உறுப்பான ஆர்க்கிகோனியம் மட்டுமே கிடைத்திருந்ததால் வழக்கு தீரவில்லை.

தீர்ப்பு அலூசியன் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே டேவிட் ஸ்மித், பால் டேவிசன் இருவரும் செரட்டோபில்லாவின் ஆண் உறுப்புகளையும், ஸ்போர்களை உண்டாக்கும் வித்தகத் தாவரத்தையும் கண்டனர். ஈரல் செடியில் ஸ்போர்கள் முதிர்ந்த பிறகே, அவற்றைத் தாங்கும் வித்துறையின் காம்பு சட்டென நீளும். இதில் மாஸ்களைப் போல முன்பே நீண்டுவிடுகிறது. வித்துறை வெடிப்பதோ சுருளாகச் செல்லும் ஒற்றைப் பிளவின் வழியே. 1993-இல் அவர்களின் கட்டுரை, பொருத்தமாக, ஹத்தோரி ஆய்வகத்தின் இதழிலேயே வெளிவந்தது. தக்காக்கியா மாஸ்தான் என்பது உறுதியாயிற்று. பின்னர் டிஎன்ஏ ஆய்வுகளும் அதையே சொல்லின.

லெபிடோசியாய்டிஸ் சிற்றினத்தில் ஆண் செடி அறியப்படவில்லை. ஆண் இல்லையேல் ஸ்போர் இல்லை; காற்றில் ஏறித் தொலைவுக்குப் போக வழியில்லை. உடைந்த துண்டுகளிலிருந்து முளைப்பதையே நம்பியிருக்கும் செடி, இருக்கும் இடம் கெட்டால் வேறிடம் தேடிப் போவது கடினம். 

திபெத்தில் 4,000 மீட்டருக்கு மேல், ஆண்டில் எட்டு மாதம் பனி மூடிக்கிடக்கும் சரிவுகளில் சீன, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2010 முதல் தக்காக்கியாவைக் கண்காணித்தனர். யிக்குன் ஹே, ரால்ஃப் ரெஸ்கி உள்ளிட்டோரின் முடிவுகள் 2023-இல் ‘செல்’ ஆய்விதழில் வந்தன. இக்கால்வழி சுமார் 39 கோடி ஆண்டுகள் பழமையானது. இமயம் எழுவதற்கு வெகு முன்பே இருந்தது. உறைபனியையும் கடும் புற ஊதாக் கதிரையும் தாங்க உதவும் மரபணுக்கள் வேகமாக மாறியிருக்கின்றன. ஆனால் இப்போது வெப்பம் ஏறும் வேகத்துக்கு அந்த மாற்றம் ஈடுகொடுக்கவில்லை: ஆய்வுத் திட்டுகளில் செடியின் பரப்பு ஆண்டுக்குச் சுமார் 1.6 விழுக்காடு சுருங்கியது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் செரட்டோபில்லா ‘அழிவாய்ப்புள்ள’ இனமாக இடம்பெற்றுள்ளது. ஆய்வகத்தில் பெருக்கிய தக்காக்கியா செடிகளைத் திபெத்தின் வேறு இடங்களில் நட்டுப் பார்த்ததில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் சில உயிரோடிருந்தன. சில திட்டுகளைக் காக்க இது உதவும். உருகும் பனிக்கு இது மாற்றாகாது.