பங்கும் பின்னமும்: மன்னார்க் கரையோர ஆரம்ப வகுப்புகளில் சொற்களின் வரிசை

தமிழ்மொழி மூலம் கணிதம் கற்கும் சிறு பிள்ளை, பின்னம் என்ற பெயரையே கேளாத வயதில் அரை, கால், முக்கால், பாதி ஆகிய சொற்களை வீட்டிலும் கடையிலும் கேட்டுப் பழகிய பின்னரே பள்ளிக்கு வருகிறது. சொல் தெரிவதால் பொருளும் தெரியும் என்று கொள்ளப்படுவதும், அந்த நம்பிக்கையின் மீது தொகுதி எண், பகுதி எண் என்னும் கலைச்சொற்கள் ஏற்றப்படுவதும் பின்னக் கல்வியின் அடித்தளத்தைத் தளர்த்திவிடுகின்றன. பேசாலை, வங்காலை, தலைமன்னார் முதலான ஊர்களில் அன்றாடம் புழங்கும் ‘பங்கு’ என்ற சொல்லையும் ‘மூன்றில் ஒன்று’ என்ற தொடரையும் முன்வைத்து, கலைச்சொற்களைப் பிந்திய வகுப்புகளுக்கு ஒத்திவைப்பதே தகுந்த வரிசை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கால் என்ற பெயரில் நான்கு என்ற எண் இல்லை. வீசம் என்பது பதினாறில் ஒன்று என்பதையும் சொல்லைக் கொண்டு ஊகிக்க இயலாது. கீழ்வாயிலக்கம், அதாவது ஒன்றுக்குக் குறைந்த அளவுகளின் வாய்பாடு, திண்ணைப் பள்ளிகளில் 1/320 ஆகிய முந்திரி வரை மனனமாக ஓதப்பட்டதில் வியப்பில்லை. ‘நான்கில் ஒன்று’ என்னும் தொடரோ, முழுமை எத்தனை கூறாக்கப்பட்டது என்பதை முதலிலும், அவற்றில் எத்தனை எடுக்கப்பட்டன என்பதை அடுத்தும் தானே சொல்லிவிடுகிறது. கொரிய மொழியிலும் இத்தகைய அமைப்பே உள்ளது. கொரியா, குரோஷியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் முதலிரு வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டு மியூராவும் பிறரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பின்னத்தை உரிய படத்தோடு பொருத்துவதில் கொரியப் பிள்ளைகள் முன்னின்றனர். 2003இல் பைக், மிக்ஸ் ஆகிய இருவரும் பங்குகளின் எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொல்லும் பெயர்களை அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது அவர்களின் திறனும் உயர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஆக்கித் தரவேண்டியிருந்த தொடர் தமிழ்ப் பிள்ளையின் வாயில் முன்னரே இருக்கிறது.

ஆயினும் இத்தொடர் சொல்லாத ஒன்றுண்டு. அது கூறுகளின் சமன்மை. ‘மூன்றில் ஒன்று’ எனக் கேட்ட பிள்ளை, மூன்று துண்டுகளுள் ஏதேனும் ஒன்றை எடுத்துக் காட்டினால் சொல்லளவில் அது பிழையன்று. மன்னார்க் கரையின் பழைய முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, இதற்கு நல்ல விளக்கமாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படகில் வந்த சிப்பிகளைக் குளித்தவர்களே மூன்று குவியலாகப் பிரித்து வைக்க, அவற்றுள் எது அவர்களுக்குரியது என்பதை அரச அலுவலர் சுட்டினார். ஏனைய இரண்டும் அரசுக்குச் சென்றன. பிரிப்பவர் வேறு, தெரிபவர் வேறு என்பதால் எந்தக் குவியலையும் சிறிதாக்குவதில் குளித்தவருக்கு ஆதாயமில்லை. இந்நடைமுறையை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எளிது: ஒரு பிள்ளை பன்னிரண்டு சிப்பி ஓடுகளை மூன்றாக்க, இன்னொரு பிள்ளை முதலில் தெரிவு செய்யட்டும். ஓடுகள் ஒரே அளவினவாயின் எண்ணிப் பிரிப்பதே போதும். பனங்கிழங்கை முறிக்கும்போது சிக்கல் எழுகிறது. நீளத்தின் நடுவே முறித்தாலும் பருத்த பக்கமும் கூர்நுனிப் பக்கமும் சமமாகா. ‘பாதி’ என்பது எதன் பாதி, நீளத்தினதா எடையினதா என்ற கேள்வியைப் பிள்ளை தானாகவே கேட்கத் தொடங்கும் இடம் இதுவே. வட்டங்களுக்கு நிறந்தீட்டும் பயிற்சியில் இக்கேள்விக்கு இடமே இல்லை என்பது வருந்தத்தக்கது.

கலைச்சொற்களின் இடர் வேறு வகையானது. பொதுவழக்கில் பகுதி என்றால் ஒன்றின் கூறு. தொகுதி என்றால் பல சேர்ந்த கூட்டம். பின்னத்திலோ எடுத்த கூறுகளின் எண்ணிக்கை தொகுதி எண் எனவும், முழுமையைப் பிரித்த எண்ணிக்கை பகுதி எண் எனவும் பெயர் பெறுகின்றன. சொல்லின் வழக்குப்பொருளை நம்பும் பிள்ளை இரண்டையும் இடம்மாற்றிக்கொள்வது அறிவீனமன்று. மொழியுணர்வின் விளைவே அது. எனவே ‘எத்தனை பங்காக்கினோம்’, ‘எத்தனை பங்கு எடுத்தோம்’ என்ற கேள்விகளே தொடக்க வகுப்புகளில் அவ்விரு பெயர்களின் இடத்தை நிரப்பலாம். எழுதும் முறையிலும் கவனம் தேவை. சொல் வரிசையில் முதலில் வரும் எண் கோட்டின் கீழே நிற்பதால், ‘நான்கில்’ என்றவுடன் கோட்டையும் கீழேயுள்ள 4ஐயும் எழுதி, ‘மூன்று’ என்றபின் மேலே 3ஐ எழுதுவது கையையும் வாயையும் ஒரே வரிசையில் நடத்தும்.

ஒன்றைத் தாண்டிய அளவுகளில் இத்தொடருக்கும் வலுக் குறைந்துவிடுகிறது. ‘நான்கில் ஐந்து’ என்பது, நான்கே இருக்கும் இடத்தில் ஐந்தை எப்படி எடுப்பது என்று பிள்ளையைத் திகைக்க வைக்கும். இங்கு வீட்டுச்சொற்கள் துணைக்கு வருகின்றன: ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் ஆகியவை முழுமையையும் மிச்சத்தையும் ஒரே சொல்லில் தருபவை. நான்கு சுண்டு கொண்ட கொத்தினால் அரிசி அளந்தவர்களுக்கு, ஐந்து சுண்டும் ஒன்றேகால் கொத்தும் ஒன்றே என்பதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கால் கால் கால் என ஐந்துமுறை அளந்து கொட்டி, அது ஒன்றேகால் ஆவதைக் கண்ட பிள்ளைக்கு, 5/4 என்ற குறியீடு பிற்காலத்தில் வரும்போது எண்ணி முடித்த ஓர் அளவின் எழுத்துவடிவமாகவே அமையும்.