ஆதரவாளர் அறக்கட்டளை

விளையாட்டுக் கழகமொன்றின் ரசிகர்கள் சந்தா கட்டி ஒன்றுசேர்ந்து, அதன் உடைமையில் பங்கும் நிர்வாகத்தில் இடமும் பெறுவதற்காக நடத்தும் அமைப்பு. நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் லட்ச ரூபாய் கொடுத்தவருக்கும் இதில் ஒரே வாக்குதான். ரசிகர் மன்றம் கொடி பிடிக்கும், பேனர் கட்டும், கணக்குக் கேட்காது. ஆதரவாளர் அறக்கட்டளை கேட்கும்.

இதன் தொடக்கம் இங்கிலாந்தில். 1992 ஜனவரியில் நார்தாம்ப்டன் டவுன் கால்பந்துக் கழகம் சுமார் 16 லட்சம் பவுண்டு கடனில் மூழ்கிக் கிடந்தது. பிரையன் லோமாக்ஸ் என்ற ரசிகர் முன்னின்று அறக்கட்டளை அமைத்தார். பணம் திரட்டினார்கள், கூடவே நிர்வாகக் குழுவில் இடமும் கேட்டார்கள். ரசிகர்களின் வாக்கில் தேர்வாகி லோமாக்ஸே இயக்குநரானார். 2000இல் அரசு உதவியோடு ‘சப்போர்ட்டர்ஸ் டைரக்ட்’ என்ற அமைப்பு உருவாகி, ஊர் ஊராக இத்தகைய அறக்கட்டளைகள் தொடங்க வழிகாட்டியது. பெயரில் அறக்கட்டளை என்றாலும், அங்கே இவை பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கச் சாயலுள்ள சட்டத்தின்கீழ் பதிவானவை.

அதிகம் பேசப்படுவது விம்பிள்டன் கதை. அந்தக் கழகத்தை முதலாளிகள் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டுபோக 2002 மே மாதம் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் மறுமாதமே விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ஏ.எப்.சி. விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தொடங்கினார்கள். உடைமை ரசிகர்களின் அறக்கட்டளையான டான்ஸ் டிரஸ்டிடம் இருந்தது. ஒன்பதாம் அடுக்கு லீக்கில் ஆடத் தொடங்கிய அணி, 2011இல் நான்காம் அடுக்கான தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது. பழைய பகுதியான பிளவ் லேனில் புது மைதானம் கட்டும்போது பணம் போதவில்லை. கட்டுப்பாட்டை வெளியாருக்கு விற்காமல், ரசிகர்களுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு 50 லட்சம் பவுண்டுக்குமேல் திரட்டி, 2020 நவம்பரில் அங்கே திரும்பினார்கள்.

எல்லாம் இப்படியே முடிவதில்லை. 2013இல் போர்ட்ஸ்மத் கழகத்தை மீட்ட ரசிகர்கள், 2017இல் தாங்களே வாக்களித்து அதை அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. விற்பதா வேண்டாமா என்ற முடிவு அவர்கள் கையில் இருந்தது.

இந்தியாவில் இதற்கு நேர் வடிவம் அரிது. 1889இல் தோன்றிய மோகன் பகான் உறுப்பினர்களின் கழகம். ஆனால் 2020இல் அதன் கால்பந்து அணியில் 80 விழுக்காடு ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்திடம் போனது. அணியின் பெயரில் ஒட்டிக்கொண்ட, அக்குழுமத்தின் முந்தைய அணிப் பெயரான ‘ஏ.டி.கே.’யை நீக்கச் சொல்லி ரசிகர்கள் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். 2023இல் அது நீங்கியது, உடைமை மாறவில்லை. திருவனந்தபுரத்தின் டிராவன்கூர் ராயல்ஸ், ரசிகர்களே உடைமையாளர்கள் என்ற அறிவிப்போடு வந்த கழகம். சென்னை சூப்பர் கிங்ஸ் 2015இல் தனி நிறுவனமாகி, அதன் பங்குகள் பிற்பாடு இந்தியா சிமெண்ட்ஸ் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. மஞ்சள் சட்டை போட்டவரும் அதை வாங்கலாம்தான். ஆனால் அங்கே எத்தனை பங்கோ அத்தனை வாக்கு. இக்கட்டுரையின் பொருளுக்கு அது வெளியே நிற்கிறது.

தமிழ்நாட்டில், சிவகாசிப் பட்டாசு வட்டாரத்துக்கு இப்படிப் பொதுப் பணம் சேர்ப்பது புதிதல்ல. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து, உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தில் சேர்த்து, பள்ளிக்கூடம் வரை கட்டிய பழக்கம் சிவகாசி, விருதுநகர் வணிகர்களுடையது. அது சாதிக்குள் அடங்கிய ஏற்பாடு. பிறப்பால் வருவது அதன் உறுப்புரிமை. ஆதரவாளர் அறக்கட்டளைக்கோ அணியின்மேல் பற்று இருந்தால் போதும்.

அங்குள்ள இன்றைய கபடி, வாலிபால் குழுக்களோ உபயத்தில் ஓடுகின்றன. போட்டி நோட்டீஸை எடுத்துப் பாருங்கள்: முதல் பரிசு இன்னார், சுழற்கோப்பை இன்னார், பனியன் இன்ன நிறுவனம் என்று அடி வரை பெயர்கள். ரசீதுப் புத்தகமும் அச்சாகும், வசூலும் நடக்கும். கொடுத்தவர் பெயர் நோட்டீஸில் வரும், அவருக்கு வாக்கு வராது. அடுத்த வருடம் உபயதாரர் கைவிட்டால் குழு கலையவும் செய்யும்.

தமிழ்நாட்டில் ஆதரவாளர் அமைப்பைத் தொடங்குவோர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவதைவிடச் சங்கமாகப் பதிவதே பொருத்தம். பத்திரத்தில் பெயருள்ள அறங்காவலர்களே எல்லாம். சந்தா கட்டியவர் அவர்களை மாற்ற வழியில்லாமல் போகலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து, சங்க விதிகளை எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவை அதன்முன் வைப்பது சங்கத்தின் கடமை.