சான்றோன்

நிறைதல், போதுமாதல் என்னும் பொருளுடைய ‘சால்’ என்ற வினையடியில் பிறந்தது இச்சொல். தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் ஆனேக்கல் வட்டாரத்தில், போதாது என்பதைக் கன்னட மக்கள் ‘சாலது’ என்று இன்றும் கூறக் கேட்போர், அவ்வடி உயிரோடிருப்பதை உணர்வர். பதிற்றுப்பத்தில் போர்வீரரையும் குறித்த சொல், வள்ளுவரிடம் அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்து தூண்கள் தாங்கும் குணசம்பன்னருக்கே உரியதாயிற்று.

என் மனத்தைப் பெரிதும் கவர்வது, சீன தேசத்தில் இதற்கு நேர்ந்த இணையான மாற்றம்: தலைவன் மகன் என்று பிறப்பைச் சுட்டிய ‘ஜுன்சு’ என்னும் பதத்தை, கி.மு. 551இல் பிறந்தவரெனக் கருதப்படும் கன்பூசியஸ், குலத்தினாலன்றி ஒழுக்கத்தினால் உயர்ந்து, இல்லத்திலும் ராஜ்யத்திலும் இணக்கம் பேணும் உத்தமனுக்கு ஆக்கினார். உலர்ந்த இறைச்சிக் கட்டொன்றையே காணிக்கையாகக் கொணர்ந்த எளியவனுக்கும் அவர் கற்பிக்க மறுத்ததில்லை.