பின்கட்டில் பிறந்த வரலாறு

அரசன் அமர்ந்த அரியணை எது, அவன் ஏந்திய பொற்கிண்ணம் எது என்று கேட்டால், ஏடுகள் அடுக்கடுக்காய்ப் பதில் தரும். அவன் அரண்மனைக்குக் கல் சுமந்தவன் மாலையிலே எங்கே அமர்ந்தான், யாருடன் பேசினான், எதற்காகச் சிரித்தான், எதற்காகச் சீறினான் என்று கேளுங்கள். ஏடு வாய்மூடி நிற்கும்! வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நாமும் அரண்மனையைத்தான் தீட்டிக் காட்டுகிறோம். ஏழை இளைப்பாறிய இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

எட்டிப் பார்த்தவர் சிலர் உண்டு. அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, கற்றவர் சிலர் ஏடும் எழுதுகோலுமாய்த் தெருத்தெருவாகச் சென்று மதுக்கடைகளை ஆராய்ந்தனர். குடிக்கச் செல்லவில்லை, கூச்சலிட்டுக் கண்டிக்கவும் செல்லவில்லை. காணச் சென்றனர்! கண்டதை எழுதி வைத்தனர். மதுவை வெறுப்போர் முதலில் படிக்கவேண்டியது அந்த எழுத்தைத்தான்.

அந்நாளில் அந்த மதுக்கடைக்கு அங்கே 'சலூன்' என்று பெயர். நம் ஊரில் அச்சொல் முடிதிருத்தும் கடையைக் குறிக்கும். எனினும், நாளிதழ் புரட்டவும் நாட்டு நடப்பு பேசவும் ஆடவர் கூடும் இடம் என்ற வகையில், இரண்டும் உறவுதான்! ஆராய்ந்தோர் கண்டதைக் கூறுமுன், அக்கடைகளின் பழங்கதையைச் சிறிது கேட்போம்.

ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்

1855ஆம் ஆண்டு. சிகாகோவின் மேயராக லீவை பூன் என்பவர் வந்தார். அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்தோரை வெறுப்பதையே கொள்கையாகக் கொண்ட கூட்டத்தின் ஆதரவு பெற்றவர். மதுக்கடை உரிமக் கட்டணம் 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்ந்தது. ஞாயிறன்று கடை திறத்தல் கூடாது என்ற பழைய சட்டமும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. சிறைப்பட்டோர் யார்? பெரும்பாலும் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும்!

ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் ஒன்றே ஓய்வு. ஜெர்மானியத் தொழிலாளி அன்று மனைவி மக்களுடன் தோட்டத்தில் அமர்ந்து, பாட்டுக் கேட்டு, பீர் பருகுவான். அது அவன் பிறந்த நாட்டுப் பழக்கம். 'புனித நாள், ஆகவே கூடாது' என்றது சட்டம். ஏப்ரல் 21ஆம் நாள், வழக்கு விசாரணையின்போது, திரண்டு வந்த மக்களுக்கும் காவலருக்கும் மோதல் மூண்டது. துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்ப்பலியும் நேர்ந்தது. அடுத்த ஆண்டு அம்மக்கள் வாக்குச்சாவடிக்குத் திரண்டு வந்தனர். அந்த ஆட்சி அகன்றது.

குடியைத் தடுக்க வந்த சட்டமா அது? குடிப்பவன் யார் என்று முகம் பார்த்துத் தடுத்த சட்டம்! ஒழுக்கத்தின் பெயரால் எழுதப்படும் ஆணை, எவன் வீட்டு வாயிலை மட்டும் தட்டுகிறது என்று பார்ப்பது பகுத்தறிவாளன் கடமை அல்லவா?

மே நாளும் மதுக்கடையும்

சிகாகோ என்றதும் மே நாள் நம் நினைவில் எழும். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886ஆம் ஆண்டு மே முதல் நாளில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மே 3ஆம் நாள் மெக்கார்மிக் தொழிற்சாலை அருகே காவலர் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். அன்றிரவு, மறுநாள் கண்டனக் கூட்டம் நடத்துவதெனச் சிலர் கூடி முடிவு செய்தனர். எங்கே கூடினர்? மாநகராட்சி மண்டபத்திலா? அதன் கதவு அவர்களுக்குத் திறக்குமா? கிரைஃப் மன்றம் என்ற மதுக்கடைக் கட்டடத்தின் நிலவறையில் கூடினர்!

மறுநாள் ஹேமார்க்கெட்டில் வெடிகுண்டு வெடித்த வேளையில், அக்கூட்டத்தில் பேசி முடித்த ஆல்பர்ட் பார்சன்ஸ், அருகிலிருந்த செப்ஃப் மன்றம் என்ற மற்றொரு மதுக்கடையில் மனைவி லூசியுடன் இருந்தார். ஆயினும் 1887 நவம்பர் 11 அன்று அவரும் மற்ற மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

சங்கத்துக்குச் சொந்த இடமில்லை, வாடகைக்குப் பணமில்லை. மதுக்கடைக்காரன் பின்கட்டையோ மாடியையோ கொடுத்தான். கூடியவர் ஆளுக்கொரு குவளை வாங்கினால் அவனுக்குப் போதும். உலகத் தொழிலாளர் உரிமை வரலாற்றின் ஓர் ஏடு, இப்படிப் பீப்பாய்களுக்கு நடுவே எழுதப்பட்டது.

ஆராய்ந்தோர் கண்டது

ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் எல்லன் ஸ்டாரும் 1889இல் நிறுவிய 'ஹல் ஹவுஸ்' தொண்டு இல்லத்தைச் சார்ந்து நின்று, எர்னஸ்ட் மூர் என்பவர் நகரின் 19ஆம் வட்டாரக் கடைகளை ஆராய்ந்து 1897இல் கட்டுரை வெளியிட்டார். 1900இல் ராயல் மெலெண்டி என்பவர் நகரின் கடைகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

அவர்கள் கண்டது இது: தொழிலாளியின் குடியிருப்பு, ஒளியும் காற்றும் நுழையாத நெரிசல். மதுக்கடையிலோ விளக்கு உண்டு; பனிக்காலத்தில் கனலும் அடுப்பு உண்டு; நாற்காலி உண்டு; அவன் மொழியில் நாளிதழ் உண்டு. ஐந்து சென்ட் கொடுத்து ஒரு குவளை பீர் வாங்கினால், ரொட்டியும் இறைச்சியும் சூப்பும் விலையின்றிக் கிடைக்கும். வேலை எங்கே காலி என்ற செய்தி அங்கே வரும். வீதியில் செல்பவன் இயற்கைக் கடன் கழிக்கவும் அதைவிட்டால் வேறிடம் அரிது.

மூர் முடிவு கூறினார்: மதுக்கடை ஏழையின் மன்றம்; அது ஒரு தேவையை நிறைவேற்றுகிறது; அத்தேவையை நிறைவேற்றும் வேறொன்று வரும்வரை அது போகாது. 1901இல் ரேமண்ட் கால்கின்ஸ் எழுதிய நூலின் பொருளே, மதுக்கடைக்கு மாற்று எது என்பதுதான்.

கருணை அல்ல, கணக்கு

இதனால் மதுக்கடைக்காரனை வள்ளல் என்று வாழ்த்தப் போவதில்லை நாம். விலையில்லா உணவில் உப்பு தூக்கலாக இருந்தது. தாகம் எடுக்க வேண்டுமல்லவா? 1865இல் திறந்த கால்நடைச் சந்தையின் அருகே, ஆஷ்லண்டு வீதியில், கடைகள் வரிசையாக நின்றன. 'விஸ்கி வரிசை' என்றே பெயர். தொழிலாளி கூலிக்குப் பெற்ற காசோலையை அங்கே மாற்றித் தருவர். மாற்றியவன் குடிக்காமல் திரும்ப முடியாது. 1906இல் நூலாக வந்த அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவலில் இக்கொடுமையைக் காணலாம்.

கடைக்காரனுக்கு மேலே ஆலை முதலாளி. மில்வாக்கி நகரத்து 'ஷ்லிட்ஸ்' பீர் ஆலை, தன் சரக்கை மட்டும் விற்கும் கடைகளைச் சிகாகோவின் தெருமுனைகளில் எழுப்பி, தன் சின்னமான கச்சை கட்டிய உலக உருண்டையைச் சுவரிலே பதித்தது. பெல்மாண்ட், சவுத்போர்ட் வீதிகள் கூடும் முனையில் 1903இல் எழுந்த கட்டடம் அவற்றுள் ஒன்று. இத்தகைய கட்டடங்கள் சிலவற்றை 2011இல் மாநகரம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது.

ஆலை முதலாளிக்குத் துணை அரசியல்வாதி. முதல் வட்டார உறுப்பினர் மைக்கேல் கென்னாவின் மதுக்கடைக்குப் பெயர் 'தொழிலாளர் நிலையம்'! பஞ்சத்தில் அங்கே சோறு கிடைத்தது. தேர்தலில் அந்தச் சோற்றுக்கு வாக்கு விலையாயிற்று.

வீட்டிலே காத்திருந்த பெண்ணுக்கோ கூலியும் இல்லை, அந்த மன்றமும் இல்லை. பிரான்சிஸ் வில்லர்டு அம்மையார் தலைமையில் மதுவிலக்குக் கேட்டுப் பெண்கள் திரண்டது வீண் ஆரவாரமன்று. இல்லினாய் மாநிலத்தில் பெண்கள் மேயர் தேர்தலிலும் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை பெற்றதே 1913இல்தான்.

பூட்டும் திறவுகோலும்

1920 சனவரி 17 அன்று நாடெங்கும் மதுவிலக்கு வந்தது. கடை மூடியது, குடி மூடவில்லை. தெருமுனையில் ஒளிவிளக்கின் கீழ் விற்றது, இருட்டறையில் விற்றது. அந்த இருட்டுக்கு அரசன் ஆனான் அல் கபோன். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் கள்ளக்கூட்டப் போட்டியில் எழுவர் சுட்டுத் தள்ளப்பட்டனர். 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு நீங்கியது. மீண்டும் திறந்த கடைகள் 'சலூன்' என்ற கெட்ட பெயரைக் கைவிட்டு, 'டேவர்ன்' என்று பெயர் சூடின. பெயர் மாறியது!

அதே நகரில் அமைதியாக மற்றொன்றும் நடந்தது. கால்நடைச் சந்தைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில், 1905இல் டேவிஸ் சதுக்கப் பூங்கா திறக்கப்பட்டது. கூட்ட மண்டபம், உடற்பயிற்சிக் கூடம், குளியலறை, படிப்பகம் எல்லாம் மக்கள் பணத்தில், மக்களுக்காக! குவளை வாங்கவேண்டிய கட்டாயமில்லை. 34 ஆண்டுகள் சென்றன. 1939 சூலை 14 அன்று, அந்தப் பூங்கா மண்டபத்தில், மொழியாலும் கோயிலாலும் பிரிந்து கிடந்த போலந்துக்காரரும் லித்துவேனியரும் பிறரும் ஒன்றாக அமர்ந்து தம் வட்டாரப் பேரவையைத் தொடங்கினர். முன்னின்றவர்கள் சால் அலின்ஸ்கியும், அப்பூங்காவின் பொறுப்பாளர் ஜோசஃப் மீகனும். கால்நடைச் சந்தைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தோள் கொடுத்தது அப்பேரவை.

1886இல் நிலவறையில் ஒளிந்து கூடியோர், 1939இல் பொதுமண்டபத்தில் நிமிர்ந்து கூடினர். குடி அதனால் ஒழிந்தது என்று கூறவில்லை நாம். கூடுவதற்குக் குடி வேண்டும் என்ற நிலை ஒழிந்தது. அது சிறு வெற்றியன்று.

தோழர்களே! உழைப்பாளி கூடும் இடத்தைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. உள்ளே சென்று, என்ன குறையால் இவன் இங்கே வருகிறான் என்று கேட்டு எழுதி வைப்பது அரிது. அந்த அரிய பணியைச் செய்யுங்கள். கடையை மூடுக என்று முழங்குவோர் கையில் பூட்டு இருந்தால் போதாது. மன்றத்தின் திறவுகோலும் இருக்கவேண்டும்!